தாண்டிக்குடி மரக்காரர்கள் சார்பில் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்துப் பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் சில்வர் ஓக்கும் வைத்திருக்கிற எங்களுக்குள் வேலிச் சண்டை தவிர வேறு உறவு இருந்ததில்லை. இந்த வருடம் சேர்ந்து தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல்லும் செடியும் நீக்கிய வெறும் மண் பட்டை) போட்டோம், சேர்ந்தே மரமும் விற்றோம்.

முதல் நன்றி இந்த மலையின் பழங்குடிகளான பளியர் குடியிருப்பு அண்ணன்மார்களுக்கு. அவரவர் பட்டா எல்லையில் புல்லைச் செதுக்கினால் போதும் என்றுதான் கூட்டத்தில் பேசி முடித்திருந்தோம். பகலில் காற்று கீழிருந்து மேலே ஏறும், சரிவின் நடுவில் கோடு போட்டால் தீ தாண்டிப் போய்விடும், மலை முகட்டில் போடுங்கள் என்று கூடவே நடந்து இடம் காட்டியது அவர்கள்தான். பங்குனியில் கீழ்ச்சரிவில் பிடித்த தீ முகட்டோடு நின்றது.

அந்த முகடு முக்கால்வாசி ஒரே ஆள் நிலத்தில் போகிறது. வத்தலக்குண்டில் கடை வைத்திருக்கும் அந்த அண்ணன் ஒரு வரிசைக் காப்பிச் செடியைப் பிடுங்கச் சம்மதித்தார். நஷ்டம் அவருக்கு, பலன் எங்களுக்கு. ஈடாக அவர் பங்கு வெட்டுக்கூலியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். வேண்டாம் என்றார், விடவில்லை.

மரம் விற்றது தனிக்கதை. 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி சொந்தப் பட்டாவில் நிற்கிற மரத்தை வெட்டவும் அரசுக் குழுவின் அனுமதி வேண்டும். பட்டா, அடங்கல், புலப்படம் என்று நிலக் காகிதங்களுக்கு அலைய முடியாமல்தான் பலரும் காகித வேலையை வியாபாரியிடமே விட்டு, அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டுவது. எல்லார் காகிதத்தையும் ஒரே கட்டாக அடுக்கி, கையெழுத்து விட்டுப்போன இடமெல்லாம் பென்சிலால் குறி வைத்துத் தந்த ஓய்வுபெற்ற தலையாரி ஐயாவுக்குக் கோடி நன்றி. அப்புறம், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் டேப் பிடித்து மரம் மரமாகச் சுற்றளவு எழுதிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும். நோட்டில் அளவு இருந்ததால் வியாபாரிகளின் கண்மதிப்புக் கணக்கு எடுபடவில்லை. மிளகுக்கொடி ஏறிய மரத்தையும், ஈட்டி, சந்தன வேம்பு, பலா எதையும் தொடுவதில்லை என்று முதலிலேயே பேசி வைத்தது நல்லதாகப் போயிற்று. பணத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு எடுத்திருந்தால் சந்தேகம்தான்.

கூட்டத்துக்குக் கூட்டம் "கணக்க வாசிங்க" என்று எழுந்து நின்ற அக்காவுக்கும் நன்றி. எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டதால்தான் ரசீதெல்லாம் ஒரே பையில் இருக்கிறது. பை டீக்கடையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

சரி, முகட்டில் உண்ணிச்செடி மறுபடி துளிர்த்துவிட்டது. தை பிறந்ததும் கூப்பிடுவோம், அரிவாளோடு வாருங்கள்.