அலாரத்தை அணைக்கும் முன் வேலியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பி வேலியில் சென்சார் கேபிளைக் கட்டி, யாராவது ஏறினாலோ வலையை வெட்டினாலோ காவல் அறையில் அலாரம் அடிக்கும்படி செய்யும் அமைப்புகள், சேலம் புறநகர்க் கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலும் இப்போது பரவலாகிவிட்டன. அவற்றைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வாங்கும்போது காட்டுகிற அக்கறையைப் பெரும்பாலான உரிமையாளர்கள் அதற்குப் பிறகு காட்டுவதில்லை. ஆனால், திருட்டுப் போனால் மட்டும் பழி முழுவதும் இரவுக் காவலர் தலையில் விழுகிறது. இது நியாயமல்ல.

அந்தக் கேபிள் உணர்வது வேலியின் அதிர்வைத்தான். மனிதர் ஏறுவதால் வரும் அதிர்வையும் காற்றால் வரும் அதிர்வையும் பேனல் எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஓரளவு பிரித்தறியும் என்றாலும், வலை தொய்ந்து, தூண் ஆடி, இரும்புத் தகட்டுப் பலகை ஒன்று வேலியில் தொங்கிப் படபடத்துக்கொண்டிருக்கும் இடத்தில் எந்தப் பேனலும் திணறத்தான் செய்யும். ஓயாமல் அடிக்கும் அலாரத்துக்கு டார்ச்சுடன் ஓடி ஓடிச் சலித்த காவலர் மேலாளரிடம் சொல்கிறார். சரிபார்க்க ஆள் வருவதில்லை. கடைசியில் அந்த ஜோனையே, அதாவது வேலியின் அந்தப் பகுதிக்கான அலாரத்தையே, அணைத்துவிடுகிறார்கள். அல்லது யாரோ ஒருவர் வந்து, வேலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பேனலில் உணர்திறனைக் குறைத்துவிட்டுப் போகிறார். அதன் பிறகு அங்கே காற்றடித்தாலும் சத்தம் வராது, கட்டர் வைத்து வெட்டினாலும் சத்தம் வராது.

பழுது பெரும்பாலும் மிகச் சிறிய இடத்தில்தான் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் நகரை ஒட்டிய ஒரு கிடங்கில் பார்த்தேன். கேபிளை வலையோடு கட்டியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் டைகள் சேலத்து வெயிலில் பழுத்து, விரலால் தொட்டதுமே முறிந்து விழுந்தன. பிடிப்பில்லாத கேபிள் இரண்டு தூண்களுக்கு நடுவே தொட்டில் கயிறு போலத் தொங்கி, ஒவ்வொரு காற்றுக்கும் வலையில் மோதிக்கொண்டிருந்தது. அங்கே மாற்ற வேண்டியிருந்தது கருவியை அல்ல. வெயில் தாங்கும் கறுப்பு ரக டைகளை வாங்கி நெருக்கமாக, ஆனால் கேபிளை நசுக்காமல், கட்டினாலே போதுமானதாக இருந்தது. அதற்குள் அந்த நிர்வாகம் புதிய பேனலுக்கு விலை விசாரிக்கத் தொடங்கியிருந்தது.

மலையில் சிக்கல்கள் வேறு விதமானவை. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் மூடுபனி, கேபிள்களை இணைக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. ரப்பர் வளையம் காய்ந்து கெட்டியாகிப்போன ஒரு பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்புறம் நீர்த்துளி கோத்திருக்கும். டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மூலையில் எறும்புகள் முட்டையோடு குடியேறியிருக்கும். மழைக்காலத்தில் உண்ணிச்செடியும் கொடிகளும் சில வாரங்களிலேயே வேலியில் படர்கின்றன. சில்வர் ஓக் கிளை ஒன்று வேலிக்கு மேல் நீண்டிருந்தால் அது காற்றில் உரசிப் பொய் அலாரம் தருவதோடு, வேலியைத் தொடாமலே உள்ளே இறங்க வழியும் கொடுக்கிறது. சரிவில் ஓடும் மழைநீர் வேலிக்கு அடியில் மண்ணை அரித்துப் பள்ளமாக்கிவிட்டால், அதன் வழியே படுத்து நுழைபவரை மேலே கட்டிய கேபிள் அறியவே அறியாது. காட்டெருமை வேலியில் உரசி அடிக்கும் அலாரத்தைப் பொய் அலாரம் என்று எழுதி வைப்பதையும் பார்க்கிறேன். அது கருவி தன் வேலையைச் சரியாகச் செய்ததற்கு அடையாளம். அதற்காக உணர்திறனைக் குறைக்கக் கூடாது.

இடி மின்னலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மண் காய்ந்து, மின்னலின் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் பிட்டின் மின்தடை ஏறியிருக்கும் நேரத்தில்தான் கோடை மழை இடியோடு வருகிறது. ஆகவே எர்த் மின்தடையை மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும்போது அளந்து நல்ல எண்ணை எழுதிக்கொள்வதில் பயனில்லை. மார்ச் மாதத்து வறட்சியில் அளக்க வேண்டும், தேவையானால் பிட்டுக்கு நீர் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு பெரிய இடிக்குப் பிறகும் மின்னல் அதிர்ச்சியிலிருந்து கருவியைக் காக்கும் சர்ஜ் அரெஸ்டரில் உள்ள சிறு ஜன்னல் சிவப்பாக மாறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பேட்டரியும் அப்படித்தான். 25 டிகிரி வெப்பத்தில் நாலைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டிய ஈய அமில பேட்டரியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதை வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சார்ஜர் ஓடும்போது மீட்டர் காட்டும் 13 வோல்ட்டை நம்புகிறார்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அமைப்பு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. மின்சாரம் போகும் இரவைத் திருடனும் கவனித்துக்கொண்டிருக்கிறான்.

மாதச் சோதனை என்ற பெயரில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி, அலாரம் அடித்ததும் கையெழுத்துப் போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒவ்வொரு ஜோனிலும், குறிப்பாக மூலைத் தூண், கதவை ஒட்டிய இணைப்பு, வடிகால் கடக்கும் இடம் ஆகியவற்றில், ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டி வெட்டும் அதிர்வைப் போலச் செய்தும், ஏணி சாய்த்து ஏறியும் பார்த்து, கேமரா அந்த இடத்துக்குத் திரும்புகிறதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது செப்டம்பர் மாதத்துக்குள், உரிமையாளர்கள் தங்கள் வேலியை ஒருமுறை முழுச் சுற்றும் நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் செடி வெட்டுவதும் வலையை இழுத்துக் கட்டுவதும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் சேர்க்க வேண்டும். இப்போது அது தோட்டக்காரருக்கும் தொழில்நுட்பப் பணியாளருக்கும் நடுவில் யாருடைய வேலையாகவும் இல்லாமல் கிடக்கிறது. ஒரு ஜோனை அணைத்தால் யார், எப்போது, யாருடைய அனுமதியுடன் அணைத்தார் என்பதையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் நகல் ஒன்று இரவுக் காவலர் கையிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வேலிப் பாதுகாப்புக் கருவிப் பராமரிப்பாளர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.