எண்ணெய் மரம் நடும் முன் விலையை அறிவியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசலில் 5 சதவீதம் பயோடீசல், அதாவது தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் எரிபொருள், கலப்பதை 2030ஆம் ஆண்டுக்குள் எட்ட வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இலக்கு வைத்திருக்கிறது. அதற்காகத் தரிசு நிலங்களில் எண்ணெய் வித்து மரங்களை வளர்க்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், காட்டாமணக்கில் என்ன நடந்தது என்பதை அரசு எண்ணிப் பார்க்க வேண்டும்.

2003இல் மத்திய திட்டக் குழுவுக்கு அளிக்கப்பட்ட அறிக்கை, ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் காட்டாமணக்கு பயிரிடலாம் என்றது. வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு கடிக்காது என்று சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் தண்ணீரும் எருவும் இல்லாத மண்ணில் செடி உயிரோடு நின்றதே தவிர, கட்டுப்படியாகும் அளவுக்குக் காய்க்கவில்லை. ஒரே கொத்தில் பச்சைக் காயும் மஞ்சள் பழமும் காய்ந்த நெற்றும் சேர்ந்தே இருப்பதால் பலமுறை ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்று, நான்கு கிலோ விதை தேவை. நச்சுத்தன்மையால் பிண்ணாக்கும் மாட்டுக்கு உதவாது. 2005இல் அறிவிக்கப்பட்ட கொள்முதல் விலையோ பயோடீசல் லிட்டருக்கு 25 ரூபாய். உற்பத்திச் செலவுக்கே அது போதவில்லை.

தரிசு என்று பதிவேட்டில் இருப்பதெல்லாம் சும்மா கிடக்கும் நிலமும் அல்ல. சொந்த நிலம் இல்லாதவர்களின் ஆடுகள் மேய்வது அங்கேதான். அதை வேலியிட்டு வளைக்காமல் கண்மாய்க் கரை, சாலையோரம், தோட்ட வரப்பு ஆகியவற்றில், விதையில் பயோடீசலுக்கான எண்ணெய் தரும் புங்கன் மரத்தை வளர்ப்பதே நமக்கு ஏற்றது. அதன் தழை நெல் வயலுக்கு உரம், பிண்ணாக்கும் உரம், வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். எண்ணெய் விலை போகாத ஆண்டிலும் மரத்தால் பயன் உண்டு என்பதே, என்னைக் கேட்டால், அதன் முதல் தகுதி.

ஆனால் விதைக் கன்று பலன் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். மகசூலும் மரத்துக்கு மரம் மாறும். ஆகவே நல்ல தாய்மரங்களிலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றுகளையே வழங்க வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் புங்கன் விதையைக் கொள்முதல் செய்து, அதற்கான ஆதரவு விலையை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். அந்த விலை கன்று வழங்கும் நாளுக்கு முன்பே விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வேளாண்மைத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.