ஒரே ஒரு எதிரொலி

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் மூவர் குழு பதியப்போகும் ராக்கபில்லி பாட்டு பன்னிரண்டும் சொந்த மெட்டு என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ராக் அண்ட் ரோலும் கன்ட்ரியும் கலந்த இந்த அமெரிக்க இசை என்றாலே 1950-களின் பாட்டையே திரும்ப வாசிக்கிறவர்கள்தான் அதிகம். ஸ்ட்ரே கேட்ஸ் குழு 26 வருஷம் கழித்து 2019-ல் கொண்டுவந்த ‘40’ ஆல்பத்தை இன்னொரு முறை கேள். கிதார், டபுள் பேஸ், டிரம்ஸ், மூன்றே பேர்தான். பாட்டெல்லாம் புதுசு, சத்தத்தில் மட்டும் பழைய வாசம்.

கிதாருக்கு டிலே (சத்தத்தைக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பக் கேட்கவைக்கும் எதிரொலிக் கருவி) போட்டால் குழம்புகிறது என்று எழுதியிருந்தாய். கோளாறு கிதாரில் இருக்காது, டிலேயை வைத்த விதத்தில்தான் இருக்கும். எல்விஸ் பிரெஸ்லியை முதலில் பதிவுசெய்த மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோவில், அதன் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் எதிரொலிக்கென்றே இரண்டாவது டேப் மெஷினை ஓட்டினார். அந்த மாதிரி மெஷினில் பதியும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 2 அங்குலம் இருக்கும். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடினால், சத்தம் அந்தத் தூரத்தைத் தாண்ட 133 மில்லிநொடி. அறைந்தாற்போல ஒரே ஒரு எதிரொலி, அவ்வளவுதான்.

அதனால் டிலேயை 120-லிருந்து 140 மில்லிநொடிக்குள் வை. ரிப்பீட் ஒன்றே ஒன்று. உன் வேகப் பாட்டு நிமிடத்துக்கு 180 பீட் என்றால், பீட்டுக்கு இரண்டு ஸ்வரம் வாசிக்கும்போது ஸ்வரத்துக்கு 166 மில்லிநொடி கிடைக்கும். 133-ல் வரும் எதிரொலி அடுத்த ஸ்வரத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்து அதைத் தள்ளிவிடும். இரண்டாவது ரிப்பீட்டை விட்டாயோ, 266-ல் வந்து அடுத்த ஸ்வரத்தின் நடுவில் விழும். குழப்பம் அங்கேதான். எதிரொலியில் மட்டும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடு. டேப்பின் மங்கல் வரும். டிஸ்டார்ஷனையும் குறை. ஆம்ப் லேசாகக் கரகரத்தால் போதும்.

எல்விஸின் கிதார் கலைஞர் ஸ்காட்டி மூர் இதே எதிரொலியை மேடைக்குக் கொண்டுபோக, இல்லினாய் மாநிலத்து கெய்ரோவில் ரே பட்ஸ் செய்த எக்கோசானிக் ஆம்பை வாங்கினார். டேப்பே அதற்குள் ஓடும். கிரெட்ச் கிதார்களின் ஃபில்டர்ட்ரான் பிக்கப்பும் அதே பட்ஸின் கைவேலைதான்.

கம்பியின் சுருதியை அசைக்கும் பிக்ஸ்பி கைப்பிடியைத் தொட்டதும் சுருதி போகிறதா? முதலில் கிதார் கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் நட்டைப் பார். கம்பி ஓடும் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய். கம்பி .011-க்குக் கீழே வேண்டாம். கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் உடம்பில் ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் மாடல் என்றால், ஓங்கி வாசிக்கும்போது நகர்ந்துவிடும். 12-வது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக ஒலிக்கிறதா என்று பார்த்து, அந்த இடத்தைக் குறித்து வை. புதுக் கம்பி மாட்டும்போது பந்து முனைக்குப் பக்கத்தை முதலில் விரலால் வளைத்துவிடு, இல்லையென்றால் இழுத்துக் கட்டுவதற்குள் பிக்ஸ்பியில் அதை மாட்டும் சிறு ஊசியிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும்.

பேஸுக்கு இரண்டு மைக் வை: ஒன்று எஃப்-துளைக்கு எதிரே, இன்னொன்று விரற்பலகையின் கீழ்முனை அருகே. கம்பி விரற்பலகையில் அறையும் ‘டக்’ அங்கேதான் பிறக்கிறது. இரண்டையும் சேர்த்ததும் அடிச்சத்தம் மெலிந்தால், ஒன்றின் ஃபேஸை (ஒலியலையின் ஏற்ற இறக்கத்தை) திருப்பு. எல்விஸின் ஆரம்ப சன் பதிவுகளில் டிரம்ஸே கிடையாது. பேஸ் வாசித்த பில் பிளாக் கம்பியை அறைவதுதான் தாளம்.

மூவரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசியுங்கள். ஒருவர் மைக்கில் இன்னொருவர் கசிவது நல்லதுதான், ஆனால் தப்பை வெட்டி ஒட்ட முடியாது, முழு டேக் எடுக்க வேண்டும்.

முதல் மூன்று டேக்கையும் அனுப்பு. எதிரொலி போடாததைத் தனியாக அனுப்பு, அதில்தான் கை தெரியும்.

அன்புடன்,
உன் நண்பன்