மாணவர் பக்கத்துல வாற ஒத்தசொல் பட்டியல் பத்தி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட மாணவர் பக்கத்த நான் விடாம வாசிக்கிறனான், என்னட்ட ரியூசனுக்கு வாற புள்ளைகளுக்கு வெட்டி எடுத்தும் குடுக்கிறனான். கிட்டடியில இங்கிலீஷ் ஒத்தசொல் எண்டு ஒரு பட்டியல் போட்டிருந்தீங்க, ஃபிளிட், டார்ட், ஸ்கர்ரி, ஸ்கட்டில், ஸ்கேம்பர் எல்லாத்தையும் ஒரே வரிசையில வச்சு எல்லாத்துக்கும் சேத்து 'விரைவாக நகர்தல்' எண்டு ஒரு விளக்கம். அத நம்பி ஒரு புள்ள கட்டுரை எழுதினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. எங்கட அம்பாறைப் பக்கத்துப் புள்ளைகள் யானையப் பத்தித்தான் நிறைய எழுதுவாங்க, யானை ரோட்டக் கடந்து 'ஃபிளிட்டட்' எண்டு எழுதிட்டு வந்து நிக்கும், பட்டியல்ல அப்பிடித்தானே இருக்கு எண்டு கேக்கும், அதுல புள்ளையில என்ன பிழை?

ஃபிளிட் எண்டது பாரமில்லாத ஒண்டு செய்யிற வேலை. தேன்சிட்டு, வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு பூவுல கொஞ்சம் இருந்து மறுகா அடுத்த பூவுக்குப் போறது, எங்கயும் நிலைச்சு நிக்கிறல்ல. அந்தச் சொல்லு ஸ்கண்டிநேவியாப் பக்கத்துப் பழைய நோர்ஸ் பாஷையில இருந்து வந்தது, ஸ்கொட்லாந்துலயும் இங்கிலாந்துட வடக்குலயும் இண்டைக்கும் வீடு மாறிப் போறதுக்கு ஃபிளிட் எண்டுதான் சொல்லுவாங்க. வாடகை குடுக்காம இரவோட இரவா சாமானத் தூக்கிட்டுப் போனா அதுக்கு மூன்லைட் ஃபிளிட் எண்டு பேர்.

டார்ட் அப்பிடியில்ல. டார்ட் எண்டா எறியிற சின்ன ஈட்டி, அதால அந்த வினையிலயும் நேரா, டக்கெண்டு, ஒரு இலக்க நோக்கிப் போறது இருக்கு. எங்கட வாவியில பாம்பு மாதிரிக் கழுத்து நீண்ட, நீர்க்காகத்துக்குச் சொந்தக்காரப் பறவை ஒண்டு இருக்கெல்லோ, அதுக்கு இங்கிலீஷ்ல டார்ட்டர் எண்டு பேர் வந்தது கழுத்த ஈட்டி மாதிரி விட்டு மீனக் குத்துறதாலதான். மட்டக்களப்புப் புள்ளைக்கு இத விட நல்ல உதாரணம் எங்க கிடைக்கும்?

ஸ்கட்டில் கல்லடிக் கடக்கரையில நண்டு செய்யிறது, ஆளக் கண்டதும் நிலத்தோட ஒட்டிக் குடுகுடுவெண்டு போய் பொந்துக்குள்ள பூர்றது. ஸ்கர்ரி எலிக்குச் சரி. ஸ்கேம்பர் அணிலுக்கும் நாய்க்குட்டிக்கும் சின்னப் புள்ளைகளுக்கும்.

இன்னொண்டும் சொல்லோணும். நாம தமிழ்ல 'ஓடினான்' எண்டத வச்சுக்கொண்டு எப்பிடி ஓடினான் எண்டத முன்னால சேக்கிறம், குடுகுடுவெண்டு ஓடினான், விறுவிறெண்டு போனான், சட்டெண்டு பாய்ஞ்சான். இங்கிலீஷ்ல அந்தக் குடுகுடுவும் விறுவிறும் வினைக்குள்ளயே இருக்கு, எங்க போனது எண்டதுக்கு மட்டும் இன்டூ, அக்ரொஸ் எண்டு பின்னால வரும். இது விளங்காததாலதான் எங்கட புள்ளைகள் எல்லாத்துக்கும் 'ரன் குவிக்லி' எண்டு எழுதுறாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் வராது எண்டில்ல, வீட்டுல அவங்க கதைக்கிற முறையத்தான் அப்பிடியே இங்கிலீஷ்லயும் கட்டுறாங்க. நண்டு குடுகுடுவெண்டு பொந்துக்குள்ள பூந்தது எண்டு முதல்ல தமிழ்ல சொல்லவிட்டு, அந்தக் குடுகுடுவுக்கு இங்கிலீஷ்ல தனி வினையே இருக்கு எண்டு காட்டினா டக்கெண்டு பிடிச்சிருவாங்க, நான் வகுப்புல கண்டது இது.

1852ல ரோஜே எண்ட டொக்டர் இங்கிலீஷ் சொல்லுகள கருத்து வாரியாப் பிரிச்சு ஒரு பெரிய புத்தகம் போட்டார். எழுதுறவருக்குத் தேவையான சொல்லத் தேடி எடுக்கத்தான் அது, அதுல பக்கத்துல பக்கத்துல இருக்கிறதெல்லாம் ஒண்டு எண்டு ஆருக்கும் சொல்லல்ல. சொல்லுகள் ஏற்கனவே தெரிஞ்ச ஆளுக்கு அப்பிடிப் பட்டியல் உதவும், பதினொராம் ஆண்டுல ஓ லெவல் சோதினை எடுக்கப் போற புள்ளைக்கு உதவாது. டவுன்ல இருக்கிற புள்ளையெண்டா நெட்டுல தேடிப் பாக்கும், வாவிக்கு அங்கால படுவான்கரைக் கிராமங்கள்ல இருக்கிற புள்ளைக்கு உங்கட அந்த ஒரு பக்கம்தான் சிலநேரம் எல்லாமே.

அதால ஒரு வேண்டுகோள். ஒரே நாள்ல பத்து சொல்லுப் போடாம கிழமைக்கு ரெண்டே ரெண்டு போடுங்க. ஆர் செய்யிறது, எப்பிடிச் செய்யிறது எண்டு ஒரு வசனம், ஏலுமெண்டா ஒரு சின்னப் படம். வாவி, வயல், கடக்கரையில இருந்தே உதாரணம் எடுக்கலாம், எழுதித் தர ஆளில்லாட்டி நானே எழுதி அனுப்புறன், காசு ஒண்டும் வேணாம்.

இப்படிக்கு,
ஒரு இங்கிலீஷ் ரீச்சர்,
களுவாஞ்சிக்குடி