உன் பெரியப்பாவின் மனு

மன்னார்குடி

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நெல்லைக் களத்தில் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு மூன்று நாள் காவல் இருந்தோம். ஒருவழியாகக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்ததில் சந்தோஷம்.

நாலுவழிச் சாலைக்கு உன் அரை ஏக்கர் போனதைச் சொல்லிவிட்டு, அரசியல் சட்டத்தைத் திருத்துகிறார்கள் என்றாலே நம்மிடம் இருப்பதைப் பிடுங்கத்தான் என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான் மனதில் நிற்கிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். உன் பெரியப்பா வீட்டுப் பிள்ளை நீ, அதனால் விட முடியவில்லை.

1976 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? ஜனவரி 31-ஆம் தேதி கருணாநிதி ஆட்சியைக் கலைத்தார்கள். அடுத்த சில நாளில் ஒரு ராத்திரி உன் பெரியப்பாவை மிசாவில், அதுதான் நெருக்கடி நிலைக் காலத்தில் விசாரணையில்லாமல் உள்ளே வைத்த சட்டம், பிடித்துக்கொண்டு போனார்கள். பெரியம்மா இரண்டு வேட்டியும் துண்டும் மடித்து மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிடித்துவைத்தவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவுக்கு வக்கீல் எல்லாம் தயார் செய்தார். மே மாதம் நாம் இரண்டு பேரும் சைக்கிளில் போய்க் கேட்டபோது, "இனி இதைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை தம்பி" என்று மனுக் காகிதக் கட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் பயந்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தோம். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாய்.

பயம் இல்லையடா அது. பேத்தி சட்டம் படிக்கிறாள். அவள் புத்தகத்தை எடுத்துப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. அந்த ஏப்ரல் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஜபல்பூர் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. அதற்கு முன் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் இத்தகைய மனுக்களை விசாரிக்கலாம் என்று சொல்லியிருந்தன. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அதை மாற்றி, நெருக்கடி நிலை இருக்கும்வரை கைதானவருக்காக யாரும் நீதிமன்றப் படி ஏற முடியாது என்றுவிட்டார்கள். வாதம் நடந்தபோது நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றம் கேட்க முடியாதா என்று கேட்டிருக்கிறார். நெருக்கடி நிலை நீடிக்கிறவரை முடியாது என்றுதான் அரசின் தலைமை வழக்கறிஞர் பதில் சொன்னார். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். தலைமை நீதிபதி பதவி அவருக்கு வர வேண்டியது, 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

நீ கவனிக்க வேண்டியது இதைத்தான். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான 21-ஆவது பிரிவை நிறுத்திவைக்க இந்திரா காந்தி அரசு புதுத் திருத்தம் எதையும் தேடிப் போகவில்லை. நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றம் போவதையே தடுத்துவைக்கலாம் என்று 359-ஆவது பிரிவு முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டை 1950-லேயே இருந்தது. அதை அடைத்ததுதான் திருத்தம், 44-ஆவது திருத்தம். ஜனதா ஆட்சியில் 1978-இல் கொண்டுவந்தார்கள். இனி எந்த நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய இரண்டு பிரிவுகளில் கைவைக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். 'உள்நாட்டுக் குழப்பம்' என்று சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது, ஆயுதக் கிளர்ச்சியாக இருக்க வேண்டும். அமைச்சரவை எழுத்தில் பரிந்துரைக்க வேண்டும். அந்தச் சில சொற்கள் 1976-இல் இருந்திருந்தால் வக்கீல் கட்டைத் திருப்பியிருக்க மாட்டார்.

அந்த ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 ஆகிவிட்டது. அந்தரங்க உரிமை வழக்கில் அதை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். பழைய தீர்ப்பில் கையெழுத்திட்ட நான்கு பேரில் ஒருவர் அவருடைய அப்பா. படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உன் நிலத்துக்கு வருகிறேன். நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்ததும் இதே 44-ஆவது திருத்தம்தான். அதை 300-ஏ என்று தனிப் பிரிவாக வைத்தார்கள். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவர் சொத்தைப் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான். நேராக உச்ச நீதிமன்றம் போகிற வழி அடைபட்டது, உயர் நீதிமன்றம் போகலாம். நிலச் சீர்திருத்தத்துக்காக அந்த உரிமையைத் தளர்த்தியது சரி என்றுதான் நான் நினைத்துவந்தேன். உன் கடிதத்துக்குப் பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதுதான் என்னை உறுத்துகிறது. விசாரணையில்லாமல் ஒருவரை மூன்று மாதம் வரை, காவலில் வைத்தது சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் கருத்தைக் கேட்காமலே வைத்திருக்க அரசியல் சட்டம் இடம் கொடுக்கிறது. 44-ஆவது திருத்தம் அதை இரண்டு மாதமாகக் குறைத்தது. கழகத்துக்குப் பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியே தலைவராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1979-இல் குடியரசுத் தலைவரும் கையெழுத்திட்டார். ஆனால் அந்த ஒரு பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பை இதுவரை எந்த அரசும் வெளியிடவில்லை. வெளியிடச் சொல்லிக் கட்டளையிட முடியாது என்று 1981-இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. இப்படி விசாரணையில்லாமல் அடைக்கிற குண்டர் சட்டத்தில் இத்தனை பேர் அடைப்பு என்று தினமும் பேப்பரில் பார்க்கிறோமே, ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த மஞ்சள் பைதான் ஞாபகம் வருகிறது.

சரி, ஒரு காரியம் செய். இழப்பீட்டு உத்தரவு, பட்டா, சர்வே படம் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலமென்றால், தொகை போதவில்லை என்று நடுவரிடம் முறையிட 1956-ஆம் வருடச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பேத்தி பார்த்துச் சொல்கிறேன் என்கிறாள். அப்புறம், பெரியம்மா பெட்டியில் வக்கீல் திருப்பிக் கொடுத்த அந்தக் கட்டு இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பார். இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு. அவளுக்கு அதைக் காட்ட வேண்டும்.

உன்,
மணி