மின்சார சைக்கிளுக்குக் கியர் போடவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்சார சைக்கிள் விற்கிறவர்கள் பெரும்பாலும் சார்ஜ் போடுவதையும் சுவிட்சையும் காட்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். கியரைப் பற்றிப் பேச்சே இல்லை. மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். அதனால் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்லவும் ஆளில்லை.

முதல் வம்பு ஏறும்போதே வருகிறது. மேலே நிற்கும் இடது பெடலில் காலை ஊன்றி, அது இறங்குகிற வேகத்தில் வலது காலைத் தூக்கிப்போட்டு ஏறுவது நம்மவர் பழக்கம். விலை குறைந்த வண்டிகளில் உள்ள சென்சாருக்குப் பெடல் சுற்றுவது மட்டும்தான் தெரியும், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. அரைச்சுற்று வந்ததும் மோட்டார் இழுக்கும். அந்த நேரம் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும். ஆகவே உதவி அளவை, அதாவது மோட்டார் எவ்வளவு கைகொடுக்க வேண்டும் என்பதை, பூஜ்ஜியத்தில் வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்த பிறகே பெடலில் கால் வைக்க வேண்டும். கியர் 2. வண்டி நேராக ஓடத் தொடங்கியதும் உதவியை 1 ஆக்கலாம். சிக்னலில் நிற்கும்போதும் பிரேக்கை விடக் கூடாது. பல வண்டிகளில் பிரேக் பிடியிலேயே மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறது.

ஏழு கியர் வண்டியில் 1 என்பது பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரம், மிதிக்க லேசு. 7 சிறியது, மிதிக்கக் கனம். கியர் மாற்றும்போது பெடல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் அழுத்தம் இருக்கக் கூடாது. நின்ற வண்டியில் லீவரைத் தட்டினால் செயின் இடம் மாறாமல் காத்திருக்கும்; அடுத்த மிதியில் 'டக்'கென்று பல் தாண்டும். பெடலுக்கு நடுவில் மோட்டார் உள்ள வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. அங்கே மோட்டாரின் இழுப்பும் செயின் வழியாகத்தான் போகிறது. மிதியைத் தளர்த்தி, மோட்டார் அடங்கிய பிறகு ஒரு தட்டு தட்டுங்கள். இரண்டு மூன்று கியரைச் சேர்த்துத் தாண்ட வேண்டாம்.

பின்சக்கரத்தில் மோட்டார் உள்ள வண்டிதான் ஆளை ஏமாற்றும். 7-இல் நிறுத்தினாலும் மோட்டார் இழுத்துக் கிளப்பிவிடுவதால், கியர் எதற்கு என்று தோன்றும். சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது அந்த மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. ஏற்றத்தில் 7-இலேயே போனால் கால் மிதிக்க முடியாமல் வேகம் விழும், மோட்டார் கொதிக்கும், சில நேரம் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலர் அதையே நிறுத்திவிடும். சென்னிமலைப் பக்கத்து ஏற்றம் என்றால் மேடு தொடங்கும் முன்பே 3-க்கோ 2-க்கோ இறக்கிவிட வேண்டும். வலது முட்டி நிமிடத்துக்கு 60 முதல் 70 தடவை மேலே வந்தால் கியர் சரி. 50-க்குக் கீழே போனால் ஒன்று இறக்குங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைச் சாலைகளில் எதிரே அடிக்கும்போது சமதரையும் மேடுதான். எல்லோரும் உதவியை 5-க்கு ஏற்றுகிறார்கள், பேட்டரி பாதி வழியில் தீர்கிறது. முதலில் கியரை இறக்கி, வேகத்தையும் குறைத்துப் பாருங்கள். எதிர்க்காற்றில் மணிக்கு 22 கிலோமீட்டரில் போவதற்கும் 17-இல் போவதற்கும் செலவு வித்தியாசம் பெரிது.

புது வண்டியின் கியர் கேபிள் சில வாரங்களில் தளரும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறாமல் செயின் 'கிரிக் கிரிக்' என்றால், கேபிள் முனையிலுள்ள திருகை இடஞ்சுழியாக அரைச்சுற்று திருப்பினால் போதும். பின்னால் உள்ள இரண்டு சிறு ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். வண்டி வலப்பக்கம் விழுந்த பிறகு செயின் ஆரக்கம்பிக்குள் போகிறதென்றால் கேபிள் காரணமல்ல, கியர் மாட்டியிருக்கும் காது வளைந்திருக்கிறது. நிமிர்த்தும்வரை 1-ஆம் கியர் கூடாது.

செயின் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் மையத்திலிருந்து 24 கண்ணி தள்ளி உள்ள ஆணியின் மையம்வரை புதிதில் சரியாக 12 அங்குலம். அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் பிரீவீலும் (பின்னால் உள்ள பல்சக்கர அடுக்கு) தேய்ந்திருக்கும், இரட்டைச் செலவு. அதில் பாதி நீண்டதுமே செயினை மாற்றிவிடுவது லாபம்.

கடைக்காரர்கள் சாவி கொடுக்கும் முன் பக்கத்துக் காலி மைதானத்தில் கால் மணி நேரம் இதைச் செய்துகாட்டலாம். ஹேண்டில்பாரில் '1 மேட்டுக்கு, 7 இறக்கத்துக்கு' என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தந்தாலும் நல்லது.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்ப்போர் சிலர்,
பல்லடம்