பழைய ரூட்டரைப் பள்ளிக்குக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளியில் கணினி அறை மாடியில் இருக்கிறது. இணைய இணைப்போ கீழே தலைமையாசிரியர் அறையோடு நின்றுவிட்டது. மாடியில் உள்ள மேசைக் கணினிகளில் வைஃபை கிடையாது. கேபிள் செருகும் இடம் மட்டும்தான் உண்டு. பார்வையிட வந்த ஒரு நிறுவனத்தார், எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாக வாங்கும்படி மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். நன்றாக ஓடுகிற கணினிகளைக் கழிக்கச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

ஃபைபர் இணைப்புக்கு மாறிய சக ஆசிரியர் ஒருவரின் வீட்டுப் பரணில் பழைய ரூட்டர் கிடந்தது. அதை வாங்கிவந்தோம். வைஃபையைப் பரப்பும் அதே கருவி, வைஃபையைப் பெறவும் செய்யும். அதன் அமைப்புப் பக்கத்தில் 'கிளையன்ட்' அல்லது 'டபிள்யூஐஎஸ்பி' என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, கீழ்த்தள வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், செல்போன் இணைவது போல அதுவும் இணைந்துகொள்ளும். பின்புறத்தில் கேபிள் செருகும் 'லேன்' துளைகளிலிருந்து கணினிகளுக்குக் கேபிள் இழுத்தால் போதும். துளைகள் போதாவிட்டால், ஒரு கேபிள் இணைப்பைப் பல கணினிகளுக்குப் பிரித்துத் தரும் 'நெட்வொர்க் சுவிட்ச்' ஒன்றைச் சேர்க்கலாம்.

சிக்கல் வருவது ஐபி முகவரியில்தான், அதாவது வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணில்தான். இரண்டு ரூட்டர்களுமே 192.168.1.1 என்றிருந்தால் இணையம் வராது. மாடியில் உள்ளதை 192.168.2.1 என்று மாற்ற வேண்டும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி வர 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையே மேல். ரூட்டரை அறையின் மூலையிலிருந்து எடுத்துப் படிக்கட்டுப் பக்கத்து ஜன்னலில் வைத்த பிறகு, பாடக் காணொளிகள் தடையில்லாமல் ஓடுகின்றன. செலவு, கேபிளுக்கு மட்டும்தான்.

எல்லா ரூட்டரிலும் இந்த வசதி இருக்காது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்றினால் பல மாடல்களில் கிடைத்துவிடும். ஆனால் அந்த மாடலுக்கு உரிய கோப்புதானா என்று பார்த்தே ஏற்ற வேண்டும். மாற்றி ஏற்றினால் கருவி முடங்கிவிடக்கூடும்.

வைஃபை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளிக் கணினிகளைக் கழிக்க அதிகாரிகள் அனுமதிக்கக் கூடாது. இணைப்பு மாற்றும் வாசகர்கள், தங்கள் சொந்தப் பழைய ரூட்டரை அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ கொடுங்கள். அதன் அடாப்டரையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள். ஒன்று 9 வோல்ட், இன்னொன்று 12 வோல்ட் என்று இருப்பதால், பொருந்துகிற அடாப்டரைத் தேடுவதே எங்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர்,
தென்காசி மாவட்டம்.